மும்பையில் நாம் யாராகிறோம்? பெருநகர வாழ்க்கையும் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998-இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்கு வந்தேன். செம்பூரில் வீடு, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, இரண்டுக்கும் நடுவே ஹார்பர் லைன் ரயில். ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அறை பார்த்துத் தருவது, ரயில் பாஸ் எடுக்கச் சொல்லித் தருவது என்று ஆரம்பித்து, இப்போது வருடத்துக்குப் பத்துப் பேராவது வீட்டுக்கு வந்து போகிறார்கள். முதல் மாதம் வாடகை, தண்ணீர், மெஸ் பற்றிக் கேட்பார்கள். மூன்றாவது மாதம் கேள்வி வேறு மாதிரி வரும். “அக்கா, நான் ரொம்ப மாறிட்டேனோ?” என்று இழுப்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும், படித்தும் பட்டும் நான் சொல்லப் பழகிய பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வேலை ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. ஆனாலும் அறைக்கு வந்ததும் பேசக்கூடத் தெம்பு இல்லை. ஏன்?

காலையில் குர்லா ஸ்டேஷனில் நிற்கும் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பு மராத்தியில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. வருவது பன்வேல் வண்டியா, சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வண்டியா என்று இண்டிகேட்டரைப் பார்க்க வேண்டும். தோள் பையை முன்பக்கம் மாட்ட வேண்டும். அரை நிமிடம்கூட நிற்காத ரயிலில், இறங்குகிறவர்களின் வேகத்தில் மிதிபடாமல் ஏற வேண்டும். ஊரில் வாசல் தெளித்ததிலிருந்து பஸ் ஏறுகிறவரை இருபது முகம் பார்ப்போம், இருபதும் தெரிந்த முகம். இங்கே பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முகங்கள் கடந்துபோகின்றன. ஒவ்வொன்றையும் கவனிப்பதா, விடுவதா என்று மனம் ஒரு கணமாவது முடிவு செய்தாக வேண்டும். நமக்குத் தெரியாமலே எடுக்கும் இந்தக் குட்டி முடிவுகள்தான் தெம்பைத் தின்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சுமை மிகுதி என்று விளக்கினார். உள்ளே வருவது கையாள முடிகிற அளவைத் தாண்டும்போது மனம் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது: ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரத்தைக் குறைக்கிறது, தனக்குத் தேவையில்லை என்று படுவதைப் பார்க்காமலே விடுகிறது. உங்கள் களைப்பு சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை. இந்தச் சிக்கனம் இன்னும் உங்களுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் பழகிவிடும்.

பழகிவிட்டால் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் பழகுவதற்கு ஒரு விலை உண்டு. அதை முதலில் தெளிவாகச் சொன்னவர் கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர். 1858-இல் பெர்லினின் நட்ட நடுவில், இரண்டு பெரிய வீதிகள் சந்திக்கும் முனையில் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் பெர்லின் கண்முன்னே வீங்கியது: 1871-இல் சுமார் 8 லட்சம் பேர், 1900-இல் சுமார் 19 லட்சம் பேர். 1903-இல் டிரெஸ்டனில் நடந்த நகரக் கண்காட்சியை ஒட்டி, பெருநகரங்களும் மனவாழ்வும் பற்றி அவர் எழுதிய சின்னக் கட்டுரையைத்தான் இந்த விஷயம் பேசுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் எடுக்கிறார்கள்.

அவர் சொல்வதன் சாரம் இது. நகரத்தில் காட்சிகளும் சத்தங்களும் ஓயாமல் வந்து மோதுகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளத்தால் பதில் சொன்னால் ஆள் உடைந்துபோவான். அதனால் நகரவாசி உள்ளத்தை உள்ளே வைத்துவிட்டு, அறிவை முன்னால் நிறுத்துகிறான். கணக்குப் பார்க்கிறான், ஒதுங்கி நிற்கிறான். அது முற்றினால் எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாத நிலை வரும். கத்திரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகுமே, அதுபோல. மரத்துப்போன இடத்தில் வலி தெரியாது. சூடும் தெரியாது.

இதில் எனக்குப் பிடித்தது, சிம்மல் நகரத்தைத் திட்டவில்லை என்பது. பழிப்பதும் மன்னிப்பதும் நம் வேலை இல்லை, புரிந்துகொள்வதுதான் என்றே அந்தக் கட்டுரையை முடிக்கிறார். அவரும் ஒரு வகையில் வெளியாள். யூத வம்சாவளி என்ற காரணத்தால் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஓரமாகவே வைக்கப்பட்டு, 1914-இல்தான், அதுவும் ஸ்ட்ராஸ்பர்க்கில், முழுப் பேராசிரியர் பதவி பெற்றவர்.

பெர்லின்காரர் சொன்னது மும்பைக்குப் பொருந்துமா?

பாதிக்கு மேல் பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று உண்டு. ஊரை விட்டுவிட்டுத் தனியாக நகரத்துக்கு வரும் மனிதனைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார் என்று தோன்றுகிறது. நாமோ ஊரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். தாராவியில் ஒரே கிராமத்து ஆட்கள் பத்துப் பேர் ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறையில், பாய் விரித்துப் படுத்து, ஷிப்ட் முறையில் தூங்கிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். முதலில் வந்தவர் அடுத்தவரை அழைத்தார். அவர் மச்சினனை அழைத்தார். பொங்கலன்று 90 அடி ரோட்டில் பானை வைத்துப் பொங்கும் வரிசையைப் பார்த்தால், அது மும்பையா தெற்கத்திச் சீமையா என்று ஒரு நிமிடம் குழப்பம் வரும். அதனால் இங்கே ஒரே ஆள், ஒரே நாளில், ரயிலில் முகம் தெரியாதவராகவும் சந்தில் “இன்னார் மகன்” ஆகவும் இருக்கிறார். அந்த மாறி மாறி இருத்தல்தான் நம் அனுபவம்.

ரயிலில் உடம்போடு உடம்பு ஒட்டி நிற்கிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. மும்பைக்காரர்களுக்கு ஈரமே இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கிற அளவுக்கு இந்த ரயில்கள் நிறையும். ரயில்வேயே அதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது: சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட். அடுத்தவள் மூச்சு நம் கழுத்தில் படும் இடத்தில் அவள் முகத்தையும் பார்த்தால் இருவருக்கும் கூச்சம். ஆகவே கண்ணை எடுத்து ஜன்னலிலோ போனிலோ வைக்கிறோம். இடம் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் தரக்கூடிய ஒரே இடம் அந்தப் பாராமைதான். அதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாராமல் இருப்பதால் தெரியாமல் இருக்கிறோம் என்று அர்த்தம் இல்லை. மில்கிராம் 1972-இல் எழுதிய இன்னொரு ஆய்வு ரயில் பயணிகளைப் பற்றியது. ஸ்டேஷனில் நிற்பவர்களைப் படம் பிடித்து, அவர்களிடமே கொடுத்து, யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டார்கள். வருடக்கணக்காகப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாத முகங்களைப் பலர் அடையாளம் காட்டினார்கள். ‘பழகிய அந்நியர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்.

என் பழகிய அந்நியர் ஒரு மராத்திக்கார அம்மாள். வடாலாவில் ஏறுவார், மடியில் ஸ்டீல் டப்பா, கையில் பச்சைக் குடை. லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக அரை உடம்பைத் தொங்கவிட்டு உட்காருவோமே, அந்த நாலாவது சீட்டை எனக்காகப் பல நாள் நகர்ந்து கொடுத்திருக்கிறார். ஏழு வருடத்தில் நாங்கள் பேசியது, “கஹான் உதர்னா ஹை?” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு அந்த இடத்தை நமக்குச் சொல்லிவைத்துக்கொள்வதற்கான கேள்வி அது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எங்கள் ரயில் சிவ்ரிக்குப் பக்கத்தில் நின்றது, நின்றதுதான். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராகத் தண்டவாளத்தில் குதித்து நடந்தோம். தண்ணீர் முழங்கால், பிறகு இடுப்பு. எங்கே மூடி திறந்த சாக்கடை என்று தெரியாது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பச்சைக் குடை. “நீ செம்பூர்ல இறங்குறவதானே, என் வீட்டுக்கு வா, காலையில போகலாம்” என்றார். பெயர் தெரியாது, நான் இறங்கும் ஸ்டேஷன் தெரிந்திருந்தது. அன்றிரவு வடாலாவில் அவர்கள் வீட்டின் ஒற்றை அறையில், அவருடைய மருமகளின் சேலையைக் கட்டிக்கொண்டு, பருப்பும் சோறும் சாப்பிட்டுத் தூங்கினேன்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் அதே டப்பாவில் பார்த்தோம். சிரித்தார், சிரித்தேன், நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்கு மேல் பேசவில்லை. முதலில் எனக்கு அது உறுத்தியது. வீட்டுக்குப் போய் வந்த உறவு இப்படியா ஆகும் என்று வருந்தினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஈரம் உள்ளே இருக்கிறது. தினமும் வெளியே வைத்தால் காய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் ‘மும்பை ஸ்பிரிட்’ என்று டிவியில் சொல்வது உண்மைதான், இல்லையா?

அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. வெள்ளத்துக்கு மறுநாள் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் போனார்கள். அதை வீரம் என்று புகழ்ந்தால் வடிகால் சரியில்லாதது பற்றி யாரும் பேச வேண்டியதில்லை என்றாகிவிடும்.

ஊரில் இருந்த நான் நிஜமா, இங்கே இருக்கிற நான் நிஜமா?

ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “நீ யாரு வீட்டுப் பிள்ள?” பதில் சொன்னதும் நம் தெரு, சாதி, அப்பா வாங்கிய கடன், அத்தை ஓடிப்போன கதை எல்லாம் கேட்டவர் மனதில் வந்து நிற்கும். நாம் வாயைத் திறக்கும் முன்பே நம்மைப் பற்றி எல்லாம் முடிவாகிவிட்டது. மும்பையில் முதல் கேள்வி, “எங்கே இறங்குவே?” பிறந்த வீட்டைக் கேட்கவில்லை, போகும் இடத்தைக் கேட்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மற்றது எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிம்மல் சுதந்திரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, பழைய கட்டுகளிலிருந்து விடுபடுவது. மற்றது, யாரைப் போலவும் இல்லாத தனி ஆளாக ஆவது. மும்பைக்கு ரயில் ஏறினால் முதலாவது பெரும்பாலும் கிடைத்துவிடும். இரண்டாவது கிடைக்காது, அதைச் செய்துகொள்ள வேண்டும். என்ன படிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் செலவிடுகிறோம், யாரோடு சாப்பிடுகிறோம் என்பதில்தான் அது உருவாகும். கட்டு அவிழ்ந்ததையே தனித்தன்மை என்று நினைத்து, அந்தக் காலி இடத்தை மாலும் போனும் நிரப்ப விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டும் நிஜம். ஊர் உங்களைத் தெரிந்துகொண்டு அழுத்தியது, நகரம் தெரிந்துகொள்ளாமல் விட்டது. விடுதலையும் தனிமையும் அந்த ஒரே விடுதலில்தான் வருகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழி இருந்தால் நானும் எடுத்துக்கொண்டிருப்பேன்.

சாதி மும்பையில் பார்ப்பதில்லை என்கிறார்களே?

ரயிலில் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பரேலில் ஒரு சாலில் (தொழிலாளர்கள் வாழும் ஒற்றை அறை வீடுகளின் கட்டடம்) பல வருடம் வாழ்ந்த அம்பேத்கர், 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின் இருப்பிடம் என்று சாடியபோது, கிராமப் பெருமை பேசியவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் ஊரில் தெருவைச் சொன்னாலே முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். தாராவியின் தோல் பட்டறைகளுக்குத் தெற்கிலிருந்து வந்த பலருக்கு, கூலி மட்டும் காரணம் இல்லை.

வீடு வாடகைக்குத் தேடும்போது பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டாவது வீடு தேடியபோது தரகர் கேட்ட முதல் கேள்வி, “மீன் சமைப்பீங்களா?” அடுத்தது முழுப் பெயர். ஒரு கட்டடத்தில் முன்பணம் வரை பேசிவிட்டு, மறுநாள் வீடு போய்விட்டது என்றார்கள். இரண்டு மாதம் கழித்தும் அந்த வீடு பூட்டியே கிடந்தது. பெயர் இல்லாத சுதந்திரம் பெயர்ப்பலகை மாட்டும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

எல்லாரும் கடிகாரத்தையும் காசையும்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படி ஆகிவிடுவேனா?

கொஞ்சம் ஆவீர்கள். பெர்லினில் உள்ள கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடினால் நகரமே நிலைகுலைந்துவிடும் என்றார் சிம்மல். மும்பையில் ரயிலுக்குப் பெயரே நேரம்தான்: “எட்டு பதினேழு போயிடுச்சு, எட்டு இருபத்தொன்றைப் பிடிக்கலாம்.” ஊரில் “மத்தியானத்துக்கு மேல வாரேன்” என்று சொல்லி வாழ்ந்தவருக்கு இது முதலில் வன்முறையாகத் தெரியும்.

காசு விஷயம் வேறு. காசு ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேட்கும், ‘யார்?’ என்று கேட்காது. அது வறட்டுத்தனம்தான். ஆனால் ஊர் டீக்கடையில் தனிக் குவளை வைத்தவர்களை நினைத்தால், கட்டிங் சாய்க்கு (அரை கிளாஸ் டீ) காசை நீட்டியதும் எல்லாருக்கும் ஒரே கிளாசில் ஊற்றித் தருகிற கடைக்காரரின் வறட்டுத்தனம் எனக்குப் பெரிய நியாயமாகத் தெரிகிறது.

தமிழர்கள் மாட்டுங்கா, தாராவி, சயான் என்று கூட்டமாகவே இருக்கிறோமே. இதில் எங்கே தனித்தன்மை?

கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர் 1975-இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். நகரம் மனிதர்களைச் சிதறடிக்கிறது என்பதைவிட, புதிய குழுக்களை உண்டாக்குகிறது என்றார் அவர். காரணம் எளிமையானது, எண்ணிக்கை. எங்கள் கிராமத்தில் வயலின் கற்க ஆசைப்பட்ட ஒரு பையன் இருந்தால் அவன் விசித்திரப் பிறவி. 2011 கணக்கெடுப்பில் 1 கோடியே 24 லட்சம் பேர் இருந்த ஊரில், எந்த ஆசைக்கும் ஒரு அறை நிறைய ஆள் தேறும். மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்ததும், 1952-இல் ஷண்முகானந்தா சங்கீத சபா தொடங்கியதும் அப்படித்தான்.

கூட்டம் காவலும் ஆகும். 1966-இல் தொடங்கிய சிவசேனா முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களை; ‘லுங்கி ஹடாவோ’ (லுங்கிக்காரர்களை விரட்டு) என்று கூவிய காலத்தைப் பார்த்த மூத்தவர்கள் இன்றும் செம்பூரில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் நெருங்கி வாழ்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காவல் இருக்கும் இடத்தில் கண்காணிப்பும் இருக்கும். என் தோழியின் மகள் அந்தேரியில் யாரோடு காபி குடித்தாள் என்பது இரவுக்குள் சங்கத்துக்கே தெரிந்துவிட்டது.

பெண்களுக்கு இந்த நகரம் என்ன தருகிறது?

இரவு ஒன்பதரைக்கு ரயிலில் தனியாக வருவதை இயல்பாக்கித் தந்தது. 1992-இல் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்குப் பெண்களுக்கு மட்டுமான ரயிலே விட்டார்கள். லேடீஸ் டப்பாவில் கீரை ஆய்வார்கள், பாசிமணி வாங்குவார்கள், மாமியாரைப் பற்றிப் பேசி அழுவார்கள், அடுத்த ஸ்டேஷனில் முகம் துடைத்து இறங்குவார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் யாருக்காவது ஏதாவதாக இருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்பது நிமிடம் யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை. நான் யோசித்தது, அழுதது, பெரிய முடிவுகள் எடுத்தது எல்லாம் செம்பூருக்கும் சிஎஸ்எம்டிக்கும் நடுவில்தான்.

நகர வாழ்க்கை மனநோயைத் தருமா?

தரும் என்று நேராகச் சொல்ல முடியாது. ஜெர்மனியில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நேர நெருக்கடியில் கணக்குப் போட வைத்து, நடுவில் குறை சொல்லிக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். நகரத்தில் வசிப்பவர்களுக்கு அமிக்டலா என்ற பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டது. பயத்தையும் ஆபத்தையும் உணர்வதில் பங்குள்ள பகுதி அது. நகரமும் அதுவும் சேர்ந்து வருகின்றன என்பதைத்தான் இது காட்டுகிறது, நகரம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பிலும் பெருநகரங்களில் மனநலப் பாதிப்பு அதிகமாகவே இருந்தது.

களைப்புக்கும் நோய்க்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், செத்தால் தேவலை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், “பழகிடும்” என்று காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எப்போதும், இலவசம், தமிழிலும் பேசலாம். சயான் மருத்துவமனையிலும் பரேல் கேஇஎம்மிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட ஒரு பையனை நாங்கள் கிட்டத்தட்ட இழந்தோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவு கூட்டத்தில் தனியாக இருக்கிறேன். நாளைக்கே செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.

ஒரே ரயில், ஒரே டப்பா, ஒரே கதவு என்று மூன்று மாதம் ஏறுங்கள். தசராவுக்கு அந்த டப்பாவுக்கு மாலை கட்டிப் பூஜை போடும்போது உங்கள் கையிலும் பூவைக் கொடுப்பார்கள். பொருளை ஆப்பில் வாங்காமல் ஒரே அண்ணாச்சி கடையில் வாங்குங்கள். நாலு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். எத்தனை பேருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை தருவது என்று இங்கே நீங்களே தீர்மானிக்கலாம். ஊரில் அது முடியாது. மூன்று பேர் இருந்தால் போதும். ஒருவர்கூட இல்லாமல் இருக்காதீர்கள்.

இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்?

என் மகளை மே மாத விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துப்போவேன். பத்து வயதில் நாலாவது நாள் சொன்னாள், “இங்க எல்லாரும் என்னையே பார்க்கிறாங்கம்மா.” அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் பகலில் யாரும் கதவு சாத்துவது கிடையாது. என் அம்மா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து, “என்னட்டி செய்யுத?” என்று எட்டிப் பார்ப்பார். ஆறு வருடம் இந்தச் சண்டை நடந்தது. நடுவில் நான் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

போன மே மாதம் அவள் கதவைச் சாத்தவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள், தெருவில் போகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்கும்படி. என் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். மகள் ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் கழற்றினாள்.